மடங்கும் இடத்தில் அறுந்த ஒயர்

அம்மாவின் சக்கர நாற்காலி டிக்கிக்குள் இருந்தது. மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி, இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கி சுவிட்சை அழுத்தினேன். வழக்கமாகப் பின்னாலிருந்து கேட்கும் ‘டக்’ சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். சாவியில் இருக்கும் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அதற்குள் பின்னால் இரண்டு ஆட்டோக்களும் ஓர் ஆம்புலன்ஸும் வந்து நின்றுவிட்டன. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. “பரவாயில்லையப்பா, கையைக் கொடு, மெதுவாக நடந்துவிடுகிறேன்” என்று சொல்லி ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நல்லவேளையாக வாசலில் இருந்த காவலாளி ஓடிப்போய் மருத்துவமனையின் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இன்னொரு விஷயத்தையும் அந்தக் காவலாளிதான் சொன்னார். காரை அடித்தள நிறுத்தத்துக்குக் கொண்டுபோய், அங்கே நான் திரும்பத் திரும்பச் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தபோது பின்பக்கம் நின்று பார்த்தவர், “சார், நீங்கள் அழுத்தும்போதெல்லாம் நம்பர் பிளேட் விளக்கு லேசாக எரிந்து அணைகிறது” என்றார். நான் விளக்கு எதையும் போட்டிருக்கவில்லை. அம்மாவின் நினைப்பில் அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவர் அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கார் அப்பா வாங்கியது. 2003ஆம் ஆண்டு மாடல் செடான். டிக்கி மூடியில் சாவித்துளை உண்டு. ஆனால் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றபோது காரின் பின்பாதி மூழ்கியது. அதன்பிறகு அந்தத் துளைக்குள் சாவி நுழையும், திரும்பாது. சுவிட்ச்தான் வேலை செய்கிறதே என்று அதை அப்படியே விட்டுவைத்திருந்தோம். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டாலும், மற்றொன்று இருக்கும்வரை கவலைப்படுவதில்லை.

முதலில் ஒரு பட்டறையில் காட்டினேன். பின் இருக்கையைக் கழற்றி உள்ளே ஆளை அனுப்பி டிக்கியைத் திறந்தார்கள். பூட்டை இயக்கும் மோட்டார் போய்விட்டது என்றார்கள். புதியது போட்டார்கள். ‘டக்’ என்று திறந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் மௌனம். திரும்பக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, ஆட்டி, மாட்டி, “இப்போது சரியாகிவிட்டது” என்று கொடுத்தார்கள். உண்மையாகவே சரியாகத்தான் இருந்தது, நான்கு நாட்களுக்கு. அந்த நான்கு நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மூடியை யாராவது அசைத்தால் வேலை செய்கிறது. சும்மா விட்டால் நின்றுபோகிறது. மோட்டார் பழுதாகியிருந்தால் அப்படி நடக்காது. எங்கோ ஓர் ஒயர் அறுந்து, அசைக்கும்போது மட்டும் முனைகள் தொட்டுக்கொள்கின்றன. மோட்டாரை மாற்றியபோது காரைக் குணப்படுத்தியது புது மோட்டார் அல்ல, மாற்றுவதற்காக மூடியை அசைத்த கைகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். எனக்கு மின்சார வேலை தொழில் அல்ல. வீட்டில் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்த்த பழக்கம் உண்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று உண்டு. இந்த வேலைக்கு அது போதும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

மூடிய டிக்கிக்குள் போக வழி பின் இருக்கைதான். என் காரில் உட்காரும் பலகையின் முன்விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் கிளிப்பிலிருந்து விடுபடும். பிறகு முதுகுப் பலகையின் அடியில் இரண்டு போல்ட். அவற்றைக் கழற்றிப் பலகையை மேலே தூக்கியெடுத்தால் ஒரு துவாரம் கிடைக்கும். தலைவிளக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு தோளைக் குறுக்கி உள்ளே போய், மூடியின் உட்புற அட்டையை நகர்த்தினால் பூட்டு தெரியும். மோட்டாரின் தண்டு இழுக்கும் சிறிய நெம்புகோலைத் திருப்புளியால் அதே திசையில் தள்ளினால் பூட்டு விட்டுவிடும். எல்லா காரிலும் இதே அமைப்பு இருக்காது. சிலவற்றில் பின் இருக்கைக்குப் பின்னால் தகரமே அடைத்திருக்கும். உங்கள் காரில் எப்படி என்பதை டிக்கி நன்றாகத் திறந்துகொண்டிருக்கும் நாளிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அது பிறகு பெரிய உதவியாக இருந்தது. மகளைச் சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, இருளில் படுத்துக் காதைத் தீட்டிக் கேட்டேன். டாஷ்போர்டுக்கு அடியில், சுவிட்ச் சொன்னதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே ‘டிக்’ என்றது. மோட்டார் பக்கம் சத்தமே இல்லை. இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது. ரிலேகூடச் சத்தம் போடவில்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், சாவியின் பேட்டரி என்று முன்பக்கம் தேட வேண்டும். ரிலே பேசி மோட்டார் பேசாவிட்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒயரைத் தேட வேண்டும். மோட்டார் உறுமுகிறது, பூட்டு விடவில்லை என்றால் உள்ளே நைலான் பற்சக்கரம் தேய்ந்திருக்கும் அல்லது இணைப்புக் கம்பி கழன்றிருக்கும். மோட்டார் ஓங்கி அடித்தும் மூடி எழும்பவில்லையென்றால் அது மின்சாரக் கோளாறே அல்ல. பூட்டின் கொக்கி காய்ந்து இறுகியிருக்கிறது அல்லது மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பி தளர்ந்துவிட்டது. அந்த முறுக்குக் கம்பிகளை மட்டும் வீட்டில் கழற்ற முயலாதீர்கள். அவற்றுக்குள் அடங்கியிருக்கும் விசை விரலை உடைக்கும்.

மூடி திறந்ததும் மோட்டாரின் பிளக்கைக் கழற்றினேன். அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மகளைச் சுவிட்சை அழுத்தச் சொன்னேன். 12.4 வோல்ட் காட்டியது. பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட அப்படியே வந்து சேர்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை, ஆகவே மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பட்டறையிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். நான் பிளக்கைத் திரும்ப மாட்டி, அதன் பின்புறம் வழியாக மீட்டரின் ஒயர்முனை ஊசியை நுழைத்து, மோட்டார் இணைந்திருக்கும்போதே அளந்தேன். 12.4 வோல்ட் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது.

காரணம் எளியது. மீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு முழு வோல்ட் தெரியும். மோட்டார் சில ஆம்பியர் கேட்கும். அதை அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது. தெருக்குழாயின் வாயை விரலால் அடைத்துப் பிடித்தால் விரலை அழுத்தம் தள்ளும். ஆனால் குழாய்க்குள் அடைப்பு இருந்தால் குடம் நிறையாது. ஆகவே பழைய காரில் மீட்டரைவிட நம்பகமானது ஒரு சாதாரண பல்பு. இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அது எரிய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். அது பளிச்சென்று எரிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. மங்கினால் நோய் இருக்கிறது. எல்.இ.டி. வைத்த சோதனை விளக்கு இதற்கு உதவாது. அதுவும் மீட்டரைப் போலவே கொஞ்சம் கிடைத்தாலே எரிந்துவிடும்.

அந்தப் பல்பை மோட்டாரின் இடத்தில் இணைத்து, நேர்முனையை அப்படியே வைத்துக்கொண்டு, எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் முனையை, மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூடியின் பிளக்கில் உள்ள கறுப்பு ஒயரில் வைத்தால் மங்கல். காரின் உடலில் துரு சுரண்டிய இடத்தில் வைத்தால் முழு வெளிச்சம். ஆக, நேர்முனை ஒயர் சரி, கோளாறு எர்த்தில். அப்போதுதான் காவலாளி சொன்னது நினைவுக்கு வந்து, கையில் பல்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் காரில் டிக்கி மூடிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கறுப்பு ஒயர்தான் எர்த். பூட்டு மோட்டார், நம்பர் பிளேட் விளக்குகள், எல்லாம் அதில்தான் சேர்கின்றன. அது அறுந்துவிட்டால் மோட்டாரிலிருந்து திரும்பும் மின்சாரம் வேறு பாதை தேடும். நம்பர் பிளேட் பல்பின் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, அங்கிருந்து பின்விளக்குகளின் பல்புகள் வழியாகப் போய், அவற்றின் எர்த்தில் இறங்கும். அத்தனை பல்புகளைக் கடந்து வருவதால் மோட்டாருக்குப் பலம் கிடைக்காது. ஆனால் வழியில் இருக்கும் பல்பு லேசாக எரியும். போடாத விளக்கு எரிந்தால் எங்கோ எர்த் அறுந்திருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் இதைத்தான் ‘ரிட்டன் அடிக்கிறது’ என்பார்கள். நானும் அந்தச் சொல்லைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது என்ன என்று கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

இனி அறுந்த இடம். ஒயர் எங்கே அறும் என்று கேட்டால், எங்கே மடங்குகிறதோ அங்கே. மூடிக்கும் உடலுக்கும் நடுவில், கீலின் ஓரமாக, மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய்க்குள் எல்லா ஒயர்களும் போகின்றன. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. இருபது ஆண்டுகளுக்குமேல், தினம் இரண்டு முறை என்று வைத்தாலும் பதினைந்தாயிரம் முறைக்கு மேல். பல்பை இணைத்தபடியே மூடியை மெதுவாக இறக்கினேன். ஒரு சாண் உயரத்துக்கு வந்ததும் பல்பு துடித்தது. இன்னும் இரண்டு விரல் இறக்கினேன், அணைந்தது. உயர்த்தினேன், எரிந்தது. இந்தச் சோதனைக்கு அந்தப் பல்பைத் தவிர வேறு கருவி வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைத் துளையிலிருந்து பிதுக்கி எடுத்துப் பின்னுக்குத் தள்ளினேன். உள்ளே ஏழு ஒயர்கள். கறுப்பு ஒயரின் மேலுறை பார்வைக்கு முழுதாக இருந்தது. விரல்களுக்கிடையே வைத்து உருட்டிக்கொண்டே போனபோது ஓர் இடத்தில் மட்டும் எலும்பு இல்லாத விரல்போலத் துவண்டது. அங்கே பிளேடால் கீறிப் பார்த்தேன். செம்பு பச்சை பூத்து, இழைகள் பொடியாக உதிர்ந்தன. வெள்ளத்தின் ஈரம் அந்த உறைக்குள் எவ்வளவு காலம் தங்கியிருந்ததோ. பக்கத்தில் இருந்த சிவப்பு ஒயரின் உறை வெடித்திருந்தது; இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அது கீலின் இரும்பைத் தொட்டு ஃபியூஸை எரித்திருக்கும். டிக்கியைத் திறந்து மூடும்போது மட்டும் ஃபியூஸ் போகிறது என்று யாராவது சொன்னால், முதலில் இந்த ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடலாம். ஒரு மாதம் ஓடும். அந்த இடத்திலேயே பற்றவைக்கலாம், அதுவும் நிற்காது. ஈயம் ஊறிய இடம் கம்பிபோல விறைத்துவிடும், அதன் விளிம்பில் மறுபடி முறியும். மடங்கும் பகுதியில் இணைப்பே இருக்கக்கூடாது. ரப்பர் குழாயின் இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி, ஒயர் அசையாமல் படுத்திருக்கும் இடங்களில் வெட்டி, நடுவில் முழுப் புது ஒயரைப் போட வேண்டும். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் சிலிக்கான் உறை போட்ட, மயிரிழைபோல நுண்ணிய செம்பிழைகள் கொண்ட ஒயர் கிடைக்கும். கையில் எடுத்தால் நூல்போலத் தொங்கும். மற்றவற்றுக்குப் பழைய ஒயரின் பருமனுக்கே வாங்கினேன். எர்த்துக்கு மட்டும் ஒரு படி தடித்த 1.5 சதுர மில்லிமீட்டர். பழையதைவிட மெல்லிய ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ஃபியூஸ் காப்பது பழைய பருமனைத்தான். சிலிக்கான் உறைக்கு ஒரு குறை உண்டு, கூரான தகரம் பட்டால் எளிதில் கிழியும். ஆகவே ரப்பர் குழாய் முழுதாக இருக்க வேண்டும். என்னுடையது இரண்டு மடிப்புகளில் விரிந்திருந்தது. பழைய கார் உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரரிடம் பழையதைக் காட்டினேன். “இதே மாடல் தேடாதீர்கள் தம்பி, இரண்டு துளையும் இதே அளவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்” என்று வேறொரு காரின் குழாயை எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த பாய்க்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

புது ஒயர்களைக் குழாய்க்குள் நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் அந்த வகை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஏழு ஒயர்களையும் ஒரே நேரத்தில் வெட்டாமல், ஒன்றை வெட்டி இணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன், நிறம் குழம்பாது. இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் திரண்டு புடைக்காதபடி ஒவ்வொன்றையும் ஒரு விரல் அளவு தள்ளித் தள்ளி அமைத்தேன். சூடுபட்டால் சுருங்கும் உறையைப் பற்றவைப்பதற்கு முன்பே ஒயரில் கோர்த்துவிட வேண்டும். உட்புறம் பசை தடவிய வகையாக இருந்தால் ஈரம் நுழையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்க்கும் ஊருக்கு அதுதான் சரி. பதினான்கு இணைப்புகள். காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது மாலை நான்கு மணி.

இணைத்துவிட்ட மகிழ்ச்சியில் மூடியைப் படாரென்று சாத்திவிடக் கூடாது. பூட்டு விடாமல் போனால் மறுபடி பின் இருக்கையைக் கழற்ற வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே பூட்டின் வாயில் தடித்த திருப்புளியின் தண்டைச் செருகி அழுத்துங்கள். கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு சுவிட்சை அழுத்துங்கள், விட வேண்டும். நான் இருபது முறை செய்தேன். பதினேழு முறை விட்டது. மூன்று முறை மோட்டார் அடித்தும் கொக்கி பாதியிலேயே நின்றது.

ஆக, இரண்டாவது நோயும் இருந்தது. பூட்டைக் கழற்றிப் பார்த்தால், பழைய கிரீஸ் வெள்ளத்து வண்டலோடு சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவினேன். மோட்டாரைத் தனியே கழற்றி வைத்துவிட்டுத்தான். நன்றாகக் காயவிட்டு, கொக்கி சுழலும் அச்சிலும் கவ்வும் விளிம்பிலும் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிசாகத் தடவினேன். டப்பாவில் வரும் துரு நீக்கும் தெளிப்பான் மட்டும் அடித்துவிட்டால் அன்றைக்கு இளகும்; சில வாரங்களில் அது காய்ந்துபோகும், தூசிதான் மிஞ்சும். கீழே இருக்கும் கொண்டியின் போல்ட்களைத் தளர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியதும் மூடி ரப்பரை அழுத்தும் இறுக்கம் குறைந்து, மோட்டாரின் வேலை இலகுவானது. மறுபடி திருப்புளிச் சோதனை; இருபதுக்கு இருபது.

பட்டறையில் கழற்றிக் கொடுத்த பழைய மோட்டாரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். மேசைமேல் வைத்து 12 வோல்ட் கொடுத்தேன். ‘டக்’. இருபது ஆண்டு உழைத்த பொருள், ஒரு குறையும் இல்லை. இப்போது உதிரியாக அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இத்தோடு விட மனம் வரவில்லை. வேலை நடந்த ஞாயிறு முழுவதும் என் தங்கை மகன், ஐந்து வயது, டிக்கிக்குள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் 1998 கோடையில் சில வாரங்களுக்குள் நடந்த மூன்று சம்பவங்களில் பதினொரு குழந்தைகள் கார் டிக்கிக்குள் சிக்கி இறந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் துப்பாக்கி முனையில் கணவருடன் டிக்கிக்குள் அடைக்கப்பட்டு உயிர் தப்பிய ஜேனட் ஃபென்னல் என்ற பெண்மணி, உள்ளிருந்து திறக்கும் பிடி எல்லா கார்களிலும் வேண்டும் என்று விடாமல் போராடினார். 2001 செப்டம்பர் 1 முதல் அங்கே புதிய கார்களின் டிக்கிக்கு அது கட்டாயமாயிற்று. இருளில் ஒளிரும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பிடி, அவ்வளவுதான். என் காரில் அது இல்லை.

சைக்கிள் கடையில் பிரேக் கேபிள் ஒன்று வாங்கினேன். ஒரு முனையைப் பூட்டின் நெம்புகோலில் மோட்டாரின் தண்டுக்கு இடைஞ்சல் இல்லாதபடி மாட்டி, உறையோடு மூடியின் உட்புறம் கொண்டுவந்து, இருளில் ஒளிரும் வளையம் ஒன்றைத் தொங்கவிட்டேன். இன்னொரு கேபிள் பின் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் போய், சீட் பெல்ட் கொக்கிக்கு அடியில் மறைந்திருக்கிறது. கண்ணாடியை உடைத்துக் கைவிட்டாலும் கண்ணில் படாத இடம். இனி மின்சாரம் முழுவதும் போனாலும் நாற்காலியை எடுக்க இருக்கையைக் கழற்ற வேண்டாம். கேபிளில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பள்ளத்தில் குதிக்கும்போது டிக்கி தானே திறந்துகொள்ளும். வளையத்தைச் சோதிக்க நானே உள்ளே படுத்தேன், மகள் வெளியே சாவியோடு நின்றாள். மூடி சாத்தியதும் வந்த இருட்டில் முதல் சில நொடி எதுவும் தெரியவில்லை. பிறகு முகத்துக்கு நேர் மேலே பச்சையாக அது தெரிந்தது. இழுத்தேன், வெளிச்சம் வந்தது. குழந்தைகளை ஒருபோதும் உள்ளே வைத்து இதைச் சோதிக்காதீர்கள்; வளையத்தை மூடி திறந்த நிலையில் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதும். மருமகனுக்கு அப்படித்தான் காட்டினேன். சாவியை இப்போது அவன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுகிறோம்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கொக்கிக்குக் கிரீஸ் வைப்பது, பல்பை இணைத்து மூடியை இறக்கி ஏற்றிப் பார்ப்பது என்று காலண்டரில் குறித்திருக்கிறேன். அம்மாவின் அடுத்த பரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குப் போனபோது அந்தக் காவலாளியைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். அவருக்கு என்னை நினைவில்லை, கார் நினைவிருந்தது. அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். பாதியில் நின்று, கதவை லேசாகத் தள்ளியதும் மீண்டும் இறங்கியது. கதவுக்கும் உடலுக்கும் நடுவில் அங்கேயும் அதே வயதில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. பாக்கியிருந்த சிலிக்கான் ஒயர் நான்கு மீட்டர் தேறும். வரும் ஞாயிறு அதைத் திறக்கப்போகிறேன்.